எட்டுப் போட்டால் ஓடத் தெரியுமா?

எங்கட பட்ச்காரன் ஒருவன் போன வருசம் ஒரு கட்டாக்காலி மாட்டுக்கு முன்னால் விழுந்தான். பொழுதுபட்ட நேரம். நேர் றோட்டு. காப்பெற் போட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வாகனம் இல்லை. வெறி இல்லை, கையில் போனும் இல்லை. வேகம் அறுபதுக்குக் கிட்ட இருந்ததாகச் சொல்கிறான். கரையில் படுத்திருந்த மாடு எழும்பி நடுறோட்டுக்கு வந்தபோது அவனுக்கும் அதற்கும் இடையில் ஐம்பது மீற்றராவது இருந்திருக்கும். மாட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவனுக்குத் தொடை எலும்பு முறிந்து, உள்ளுக்குக் கம்பி வைத்து, இரண்டு செமஸ்ரர் போய்விட்டது.

வாட்டுக்குப் பார்க்க வந்த சனம் எல்லாம் ஒரே பாட்டுத்தான். "இளரத்தம், சொன்னாக் கேளாது." "சனி மாறினது இவனுக்குச் சரியில்லை." "முதல்ல உந்த மோட்டச்சைக்கிளை வித்துப்போடுங்கோ." ஆளுக்கொரு தோடம்பழப் பையோடு வந்து ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். சனம் போன பிறகு நாங்கள் ஒரு கேள்விதான் கேட்டோம்.

"மாட்டைக் கண்டோன்ன என்ன மச்சான் செய்தனி?"

"பின் பிறேக்கை ஏறி மிதிச்சனான். பின் சில்லு இழுத்துக்கொண்டு போட்டுது."

"முன் பிறேக்?"

"அதைப் பிடிச்சாத் தூக்கி எறியுமெல்லே? அப்பா முதல் நாளே சொன்னவர், அதில கை வைக்காதை எண்டு."

ஐந்து வருசமாக ஓடுகிறவன். லைசன் வைத்திருக்கிறவன். சொந்தமாக ஒயில் மாத்தத் தெரிந்தவன். தன்னுடைய மோட்டார் சைக்கிளை நிற்பாட்டுகிற பெரிய பிறேக்கை அவன் ஐந்து வருசமாக ஒழுங்காகப் பிடித்ததே இல்லை. அவனை விழுத்தியது இளரத்தமும் இல்லை, சனியும் இல்லை. தெரியாமை. அதுவும் அக்கறையோடு, அன்போடு, தகப்பன் மகனுக்குக் கையளித்த தெரியாமை. இந்தக் கட்டுரை அதற்கு எதிராகத்தான்.

முதலில் அந்தப் பிறேக் கதையை முடித்துவிடுவோம். 750 பஸ்ஸில் நின்றுகொண்டு போன எல்லாருக்கும் இது தெரியும். டிறைவர் பிறேக் அடித்தால் நாங்கள் எந்தப் பக்கம் சாய்கிறோம்? முன்னுக்கு. மோட்டார் சைக்கிளிலும் அதேதான். பிறேக் பிடித்தவுடன் பாரம் எல்லாம் முன் சில்லுக்கு வருகிறது. முன் ரயர் நிலத்தை அமத்திப் பிடிக்கிறது. பின் ரயரில் பாரம் குறைகிறது. பாரம் இல்லாத சில்லை ஏறி மிதித்தால் அது சுழல்வதை நிறுத்திவிட்டு வழுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் நிற்பாட்டுகிற வேலையில் பெரும்பங்கு முன் பிறேக்கினுடையது. அது தூக்கி எறிவது பதட்டத்தில் ஒரேயடியாக அள்ளிப் பிடித்தால்தான். அல்லது ஹாண்டில் திரும்பியிருக்கும்போது, மணலில், ஈரத்தில் பிடித்தால். நேராக நிற்கிற வண்டியில், முதல் மெல்லமாகத் தொட்டு, பாரம் முன்னுக்கு வந்த பிறகு இறுக்கிக்கொண்டு போனால் அது எறியாது, நிற்பாட்டும். இவ்வளவுதான் விசயம். பத்து நிமிசத்தில் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு மாதத்தில் கைக்குப் பழக்கலாம். யாரும் செய்யவில்லை.

இப்போது லைசன் கதைக்கு வருவோம். நாங்கள் எல்லாரும் அதே வழியால்தான் வந்தோம். மெடிக்கல் எடுத்தோம். புத்தகத்தைப் பாடமாக்கி எழுத்துப் பரீட்சையில் புள்ளடி போட்டோம். லேர்னர்ஸ்காரர் ஒரு வளவுக்குள் எட்டுப் போடப் பழக்கினார். "கால் ஊண்டாதை, கிளச்சை விடாதை, முதலாம் கியரிலயே சுத்து." ட்ரயல் நாள் எட்டுப் போட்டோம். கால் ஊன்றவில்லை. பாஸ். வீட்டில் கோழி அடித்தார்கள். அந்த எட்டில் நாங்கள் போன வேகம் ஒரு ஆள் நடக்கிற வேகம். அடுத்த நாளே அதே லைசனோடு ஏ9இல் ஏறினோம். பக்கத்தில் கொழும்பு பஸ்.

எட்டுப் போடுவது வீண் வேலை என்று நாங்கள் சொல்லவில்லை. மெல்லமாக ஓடும்போது சமநிலை பிடிப்பது நல்ல வித்தை, நாங்களும் இன்னும் பழகுகிறோம். ஆனால் அறுபதில் போய்க்கொண்டிருக்கும்போது மாடு வந்தால் எட்டு எதற்கு உதவும்? முடக்குக்கு முன்னமே வேகத்தைக் குறைக்க வேண்டும், முடக்குக்குள் குறைக்கக் கூடாது என்று எட்டு சொல்லித் தருமா? பயந்த ஆள் எதைப் பார்க்கிறதோ அதிலேயே போய் மோதும், அதனால் கண்ணைக் குழியில் வைக்காமல் போகவேண்டிய வழியில் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? நீச்சல் பழக்குகிறோம் என்று கூட்டிப்போய் கிணற்றுக்கட்டில் ஒற்றைக்காலில் நிற்கப் பழக்கி, "நல்லா நிற்கிறாய்" என்று சான்றிதழ் தந்து கடலில் இறக்கிவிட்ட கதைதான் இது.

"நாங்களும்தான் ஓடினனாங்கள், எங்களுக்கு ஆர் பழக்கினது?" இது அப்பாமார் கேட்கும் கேள்வி. மரியாதையோடு பதில் சொல்கிறோம். தொண்ணூறுகளில், எரிபொருள் தடை இருந்த காலத்தில், கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் எம்டி 90 ஓடின தலைமுறை நீங்கள். உங்கள் கெட்டித்தனத்தில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் ஓடின றோட்டில் முப்பதுக்கு மேல் போக ஏலாது. குண்டும் குழியுமே உங்களுக்கு வேகக் கட்டுப்பாடு. முப்பதில் பின் பிறேக்கை மாத்திரம் மிதித்தாலும் ஒருமாதிரி நின்றுவிடும். இன்றைக்கு அதே ஊர், அதே மாடு, ஆனால் காப்பெற் றோட்டும் 150சிசியும். வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் பிடித்து நிற்கிற தூரம் இரண்டு மடங்காகாது, நாலு மடங்காகும். இது பௌதிகவியல், ஏஎல்லில் ஆர்ட்ஸ் எடுத்த எங்களுக்கே விளங்குது. அதோடு, கண் கண்டு கை பிறேக்குக்குப் போக ஒரு செக்கன் என்று வையுங்கோ. அறுபதில் அந்த ஒரு செக்கனில் மட்டும் வண்டி 16 மீற்றருக்கு மேல் போய்விடும், இன்னும் பிறேக்கே பிடிக்கவில்லை. றோட்டு மாறிவிட்டது, வண்டி மாறிவிட்டது. நீங்கள் தந்த புத்திமதி மட்டும் மாறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் திறந்தது. லீசிங்காரர் போனுக்கு மேல் போன் எடுக்கிறார்கள். ஏஎல் றிசல்ட் வந்தவுடன் மகனுக்கு மோட்டார் சைக்கிள் என்பது எங்கட ஊரில் ஒரு சடங்கு மாதிரி. லட்சக்கணக்கில் காசைக் கட்டி, முன்னுக்குத் தேசிக்காய் வைத்து நசித்து, கோயிலடிக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சந்தனம் பூசி மாலை போட்டுக் கையில் தருகிறோம். ஹெல்மெட் வாங்கும்போது மட்டும் கணக்குப் பார்க்கிறோம். "பொலிஸுக்குக் காட்டத்தானே, இது காணும்." தேசிக்காய்க்கு எதிராக எங்களுக்கு ஒன்றும் இல்லை. தேசிக்காயோடு சேர்த்து ஒரு நல்ல ஹெல்மெட்டும், பழகுவதற்கு நாலு ஞாயிற்றுக்கிழமையும் தாங்கோ என்றுதான் கேட்கிறோம்.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள்.

நண்பன் ஆஸ்பத்திரியில் இருந்த அதே மாதம் ஏழு பேர் சேர்ந்து ஒரு கிளப் தொடங்கினோம். பெரிய பெயர் ஒன்றும் இல்லை. இப்போது பத்தொன்பது பேர். எங்களில் ஒருவருடைய மாமா முந்தி கொழும்பில் கூரியர் வேலைக்கு மோட்டார் சைக்கிள் ஓடினவர், அவர்தான் முதல் வாத்தியார். மிச்சத்தை வீடியோ பார்த்தும், விழுந்தும், ஆளை ஆள் பார்த்தும் பழகினோம். ஊர்க்கரையில் கடலில் போய் முடிகிற ஒரு காப்பெற் றோட்டு இருக்கிறது. ஞாயிறு காலமை கடற்கரைச் சனம் பூசைக்குப் போய்விடும், றோட்டு வெறுமையாகக் கிடக்கும். அங்கே பழகலாமா என்று மீனவர் சங்கத் தலைவரிடம் கேட்கப் போனபோது அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"றேஸ் ஓடப் போறியளோ தம்பி?"

"இல்லை ஐயா. நிற்பாட்டப் பழகப் போறம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் கிழமை அவரே தன் பழைய மோட்டார் சைக்கிளோடு வந்து வரிசையில் நின்றார்.

செய்வது சின்ன வேலைதான். றோட்டின் இரண்டு முனையிலும் ஆளைக் காவலுக்கு விடுவோம். மணலைக் கூட்டித் தள்ளுவோம். பால்மாப் பேணி வைத்து இடம் குறிப்போம். முதலில் இருபதில் வந்து பேணியடியில் பிறேக் பிடிக்க வேண்டும். முன் பிறேக் மட்டும், பின் பிறேக் மட்டும், பிறகு இரண்டும். எங்கே நின்றது என்று செங்கல்லால் கோடு கீறுவோம். பிறகு முப்பது. பிறகு நாற்பது. பின் பிறேக்கின் கோட்டையும் இரண்டு பிறேக்கின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த அன்றைக்கு ஒருவரும் கதைக்கவில்லை. நாற்பதில் இரண்டு கோட்டுக்கும் இடையில் ஒரு கார் நிற்கலாம். அந்த இடைவெளியில்தான் எங்கட நண்பனின் தொடை எலும்பு முறிந்தது.

அதன் பிறகு ஆமை ஓட்டம். இருபது மீற்றரை யார் கடைசியாகக் கடக்கிறதோ அவருக்குத்தான் வெற்றி, கால் ஊன்றினால் வெளியே. வேகமாக ஓடத் தெரிந்த எங்கட பெடியள் அதில் முதல் நாள் மடமடவென்று விழுந்தார்கள். ஸ்கூட்டியில் தினமும் இணுவிலில் இருந்து கம்பஸுக்கு வருகிற ஒருத்திதான் வென்றாள். சந்தைச் சனத்துக்குள் கால் ஊன்றாமல் வந்து பழகினவள் அவள். "பெட்டையளுக்கு பிறேக் பிடிக்கத் தெரியாது" என்று அது வரைக்கும் பகிடி விட்டவர்களுடைய கோடுகள் அன்று அவளுடைய கோட்டுக்கு அங்கால்தான் கிடந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். எங்கட ஊரில் பெண்பிள்ளை ஸ்கூட்டி ஓடலாம், அதில் பிரச்சினை இல்லை. ரியூசனுக்கு ஓடலாம், வேலைக்கு ஓடலாம், அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓடலாம். காரணம் இல்லாமல் ஓடினால்தான் பிரச்சினை. "எங்கை பிள்ளை போறாய்?" என்ற கேள்விக்கு "சும்மா ஓட" என்ற பதில் அவளுக்கு அனுமதிக்கப்பட்டது இல்லை. பெடியனுக்கு அந்தக் கேள்வியே இல்லை. எங்கட அம்மாமார், ரீச்சர்மார், சைக்கிளிலும் சாளியிலும் இந்தக் குடாநாடு முழுக்க ஓடினவர்கள். சைக்கிளில் பிள்ளையை முன்னுக்கும் அரிசி மூட்டையைப் பின்னுக்கும் ஏற்றி இடம்பெயர்ந்தவர்கள். அவர்களுக்கு ஓடத் தெரியுமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. தேவைக்கு ஓடினால் கெட்டிக்காரி, சந்தோசத்துக்கு ஓடினால் அடங்காதவள். இந்தக் கணக்கு எங்களுக்கு விளங்கவில்லை. எங்கட கிளப்பில் ஆறு பேர் பெண்கள். அவர்கள் வீட்டுக்கு நாங்கள் பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவதில்லை. இரண்டு வீட்டில் அம்மாமாரையே ஞாயிறு காலமை வரச்சொல்லி றோட்டோரம் கதிரை போட்டு இருத்தினோம். ஒரு அம்மா மகள் நிற்பாட்டுவதைப் பார்த்துவிட்டு, "இவளின்ர தேப்பனுக்கும் இதைக் காட்டிக் குடுங்கோ" என்றார்.

பழகினதுக்குப் பிறகுதான் றைட். மாதம் ஒருக்கால். பண்ணைப் பாலத்தால் ஏறி, வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான். இல்லாவிட்டால் வல்லை வெளியால் வடமராட்சிக்குப் போய் மணற்காடு. ஒருக்கால் சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்குப் போனோம். எங்கட விதிகள் சின்னன். புதிதாக ஓடுகிற ஆள் தலைவருக்கு அடுத்ததாக, இரண்டாவது இடத்தில் வர வேண்டும், கூட்டத்தின் வேகம் அவருடைய வேகம். அனுபவசாலி கடைசியில் வருவார், அவருக்கு வால் என்று பெயர். ஒருவர் றோட்டு நடுப் பக்கம், அடுத்தவர் கரைப் பக்கம், முடக்கில் எல்லாரும் ஒற்றை வரிசை. முன்னுக்குப் போகிறவர் ஒரு கரண்ட் போஸ்ற்றைக் கடந்த பிறகு "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணி முடியத்தான் பின்னால் வருகிறவர் அந்தப் போஸ்ற்றைக் கடக்கலாம். சந்தியில் திரும்பினால் பின்னால் வருகிறவரைக் காணும் வரை நிற்க வேண்டும். செருப்போடு வந்தால் திருப்பி அனுப்புவோம். ஹெல்மெட் வாரைக் கொழுவாதவருக்குத் தேத்தண்ணிச் செலவு முழுக்க.

சோளகம் அடிக்கிற மாதங்களில் பண்ணைப் பாலத்தால் போன ஆளுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றும் இல்லை, காற்று பக்கத்தால் வந்து வண்டியைத் தள்ளும். முதல் தரம் எங்களில் முக்கால்வாசிப் பேர் ஹாண்டிலை உடும்புப் பிடியாய்ப் பிடித்துக்கொண்டு போனோம். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவுக்கு வண்டி ஆடும் என்று தெரியாது. வேகத்தைக் குறைத்து, கையைத் தளர்த்தி, முழங்காலால் ராங்கை அணைத்து, காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் சரிந்துகொடுத்தால் அது தன்பாட்டுக்குப் போகும். அது விளங்கின அன்றைக்குத்தான் எங்களில் பலர் கடலை முதல் தரம் பார்த்தோம். அது வரைக்கும் எத்தனையோ தரம் அந்தப் பாலத்தால் போயிருக்கிறோம், பார்த்தது முன்னால் போன பஸ்ஸின் பின்பக்கத்தை மட்டும். களங்கண்ணிக் கம்புகள், அதில் இருக்கிற கொக்கு, காலமை வெய்யில் தண்ணியில் கிடக்கிற விதம். பயந்துகொண்டு ஓடுகிற ஆளுக்கு இது ஒன்றும் கிடைக்காது. கண்ணை மூடிக்கொண்டு நூறில் பறக்கிற ஆளுக்கும் கிடைக்காது. தெரிந்து ஓடுகிற ஆளுக்கு மட்டும் கிடைக்கும்.

"வேகம் இல்லாட்டி என்ன மச்சான் திறில்?" என்று கேட்கிற நண்பர்களுக்கு இதுதான் பதில். நேர் றோட்டில் அக்சிலேற்றரை முறுக்க ஒரு திறமையும் தேவையில்லை. மணிக்கட்டு இருந்தால் காணும். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரி றோட்டால் போவது வீரம் இல்லை. மணல் கிடக்கிற முடக்கை முன்னமே கண்டு, வேகம் குறைத்து, வழி பார்த்து, பின்னால் இருக்கிற ஆளின் ஹெல்மெட் முதுகில் முட்டாமல் எடுத்துக்கொண்டு போவதுதான் வித்தை. அதைச் செய்து காட்டுங்கோ, கை தட்டுகிறோம்.

எங்கட பிழையையும் சொல்லத்தான் வேண்டும். முதல் றைட் நாங்கள் விதி ஒன்றும் இல்லாமல்தான் போனோம். ஒரே நிற ரீ சேட், ஸ்ரிக்கர், ஆனையிறவில் ஒரு குறூப் படம். முன்னுக்குப் போனவர்கள் போய்விட்டார்கள். பின்னால் ஒருத்தன், லைசன் எடுத்து இரண்டு மாதம் ஆனவன், எங்களைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு லொறியை முந்தப் போய், எதிரில் வந்த வாகனத்துக்கு விலகி, றோட்டை விட்டுப் புல்லுக்குள் இறங்கினான். விழவில்லை. ஆனால் ஆனையிறவில் வந்து நின்றபோது அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அந்தக் கையைக் காணாமல் படத்துக்குச் சிரிக்கச் சொன்னோம். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அதில் சிரிக்காமல் நிற்கிறவன் அவன் ஒருவன்தான். கிளப் என்பது படம் எடுக்கிற கூட்டம் என்று நினைத்தால், அது தனியே ஓடுவதை விடவும் ஆபத்து. கூட்டமாகப் போகும்போது வெட்கமும் போட்டியும்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். இன்றைக்குக் குடாநாட்டில் இருக்கிற எல்லாக் கிளப்புகளிடமும் எங்கள் கேள்வி ஒன்றுதான்: உங்களில் ஆக மெல்லமாக ஓடுகிற ஆள் எங்கே வருகிறார்? அவர் கடைசியில் தனியே வந்தால் உங்களிடம் இருப்பது கிளப் இல்லை.

இனி, எங்களைப் பார்க்கிற கண்களைப் பற்றி. இந்த மண்ணில் மோட்டார் சைக்கிளில் போகிற இளைஞனை முதலில் சந்தேக நபராகவும் பிறகுதான் மனிதனாகவும் பார்க்கிறார்கள். வாள்வெட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள் என்பதற்காக மோட்டார் சைக்கிளில் வருகிற எல்லாரும் வாள்வெட்டுக்காரர். 2015இல் முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட்டைத் தடை செய்யப் பொலிஸ் வெளிக்கிட்டது, நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் அது நின்றது. தாடையையும் முகத்தையும் காப்பாற்றுகிற ஹெல்மெட் அது. எங்கட தாடையை விட எங்கட முகத்தை அடையாளம் காண்பது அவர்களுக்கு முக்கியம். 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் வந்த எங்கள் பல்கலைக்கழக மாணவர் இரண்டு பேர் செத்தார்கள். விபத்து என்றுதான் முதலில் சொன்னார்கள். துப்பாக்கிச் சூடு என்பது பிறகு தெரியவந்தது, பொலிஸார் ஐந்து பேர் கைதானார்கள். பெடியன் மோட்டார் சைக்கிளில் செத்தால் "ஓடத் தெரியாமல் அடிபட்டிருப்பான்" என்று சொல்வது எவ்வளவு சுகம், சனம் அதை எவ்வளவு கெதியாக நம்பும் என்று அன்றைக்குப் பார்த்தோம். "இளரத்தம்" என்ற சொல் சும்மா ஒரு சொல் இல்லை. அது விசாரணையை முடித்துவைக்கிற சொல். றோட்டில் லைற் ஏன் இல்லை, மாட்டுக்காரர் ஏன் மாட்டைக் கட்டவில்லை, லைசன் தருகிறவர்கள் ஏன் பிறேக் பழக்கவில்லை என்ற எல்லாக் கேள்வியையும் அந்த ஒரு சொல்லால் மூடிவிடலாம்.

அதனால் எங்கள் கேள்விகளை நாங்களே கேட்கிறோம். லைசன் பரீட்சையில் எட்டோடு சேர்த்து, நாற்பதில் வந்து குறித்த தூரத்துக்குள் நிற்பாட்டிக் காட்டவும் ஏன் வைக்கக் கூடாது? லேர்னர்ஸ்காரர் எடுக்கிற காசுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், பிறேக்கும் முடக்கும் பழக்கினால் என்ன குறைந்துபோகும்? நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள் நிற்கிற கம்பஸில், புதுமுக மாணவர் வருகிற கிழமையில் ஒரு காலமையை இதற்கு ஒதுக்க ஏலாதா? பிரதேச சபைகள் கட்டாக்காலி மாடுகளைப் பிடிப்பதாகச் சொல்கின்றன, பிடித்த அடுத்த கிழமை அதே மாடு அதே றோட்டில் எப்படிப் படுக்கிறது? இவை ஒன்றும் பெரிய காசு வேலை இல்லை. மனம்தான் வேண்டும்.

"படிக்கிற பிள்ளையளுக்கு உது என்ன வேலை?" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள் என்பதால்தான் கேட்கிறோம். ரியூசனுக்கு அனுப்பினீர்கள், போனோம். ஏஎல் எடுக்கச் சொன்னீர்கள், எடுத்தோம். 2022இல் கியூஆர் கோட்டைக் காட்டி வாரம் 4 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நிற்கச் சொன்னீர்கள், அப்பாவின் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அதுவும் நின்றோம். வீடு, ரியூசன், கோயில், போன். இதற்கு வெளியே எங்களுக்கு என்ன இருக்கிறது? சேர்ந்து ஒரு வித்தையைப் பழகி, சேர்ந்து எங்கட ஊரையே ஒருக்கால் வடிவாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து சேருகிறோம். வந்து சேருகிறோம் என்பதுதான் இதில் முக்கியம். அதற்காகத்தான் பழகுகிறோம்.

நண்பன் இப்போது நடக்கிறான். கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிறு, தகப்பன் ஏற்றிக்கொண்டு வந்து எங்கட றோட்டில் இறக்கினார். அவன் மதகில் இருந்து கோடுகளைப் பார்த்தான். தகப்பன் கனநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு தன்னுடைய வண்டியில் ஏறி, ஒருத்தருக்கும் சொல்லாமல், அங்கால போய்த் திரும்பி, மெல்லமாக வந்து பேணியடியில் முன் பிறேக்கைப் பிடித்தார். வண்டி நின்றது. அவர் மகனைப் பார்த்தார். நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம்.

உங்களிடமும் கேட்பது அதுதான். வாற ஞாயிறு ஆள் இல்லாத, மணல் இல்லாத ஒரு நேர் இடத்துக்குப் போங்கோ. ஹெல்மெட் வாரைக் கொழுவுங்கோ. இருபதில் வாங்கோ. இரண்டு பிறேக்கையும் பிடிச்சு, முன்னதை மெல்ல மெல்ல இறுக்கி நிற்பாட்டுங்கோ. திரும்பச் செய்யுங்கோ. பிறகு உங்கட தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கோ, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போங்கோ, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. மாடு சொல்லிப்போட்டு வராது.